பிரீமியரில் வெட்டிய படம் ரிசால்வில் திறந்தால் ஷாட்கள் மாறி நிற்கின்றன: எங்கே சரிசெய்வது?

கரிசல்காட்டான் எழுதியது:

வணக்கம். எங்கள் பக்கத்துக் கண்மாய் ஒன்றை ஊர்க்காரர்களே தூர்வாரியதைப் பற்றி 24 நிமிட ஆவணப்படம் செய்திருக்கிறேன். எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் புரோவில் கட் முடிந்து லாக் ஆகிவிட்டது, இனி வெட்டில் மாற்றமில்லை. நிறத்தைச் சீராக்கும் கலர் வேலையை மதுரையில் ஒரு நண்பர் டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோவில் செய்கிறார். 'ஃபைனல் கட் புரோ எக்ஸ்எம்எல்' எக்ஸ்போர்ட் செய்து, ஃபூட்டேஜோடு ஹார்ட் டிஸ்கில் அனுப்பினேன்.

அவர் திறந்தபோது டைம்லைன் வந்துவிட்டது. ஆனால் ஆட்கள் மண்வெட்டியோடு கண்மாயில் இறங்க வேண்டிய இடத்தில், வேறொரு நாள் எடுத்த டீக்கடை ஷாட் நிற்கிறது. ஃபைல் பெயரைப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது! ஊர்க்காரர்கள் போனில் எடுத்த கிளிப்களில் பேச்சும் உதடும் தொடக்கத்தில் ஒட்டுகின்றன, போகப் போக விலகுகின்றன. சில ஷாட்கள் பெரிதாகி ஓரம் வெட்டுப்படுகிறது. தமிழ் டைட்டில் ஒன்றுகூட வரவில்லை.

ஃபூட்டேஜ் விவரம்: சோனி மிரர்லெஸ் 4கே 25 ஃபிரேம், ட்ரோன் 4கே 30 ஃபிரேம், போன் கிளிப்கள், வாட்ஸ்அப்பில் வந்த சில. டைம்லைன் 1080, 25 ஃபிரேம். விழாவுக்கு அனுப்பும் கெடு நெருங்குகிறது. கட்டைக் கலைக்காமல் இதைச் சரிசெய்ய வழி சொல்லுங்கள்.

நிறமேசை எழுதியது:

தம்பி, கெடு இருக்கிறதென்று பதற வேண்டாம். நீங்கள் சொல்வது நான்கு தனித்தனிப் பிரச்சினைகள், ஒவ்வொன்றுக்கும் தனி மருந்து இருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்எல்லுக்குள் படம் கிடையாது. இந்தப் பெயருள்ள ஃபைலில், இத்தனையாவது ஃபிரேமிலிருந்து இத்தனையாவது ஃபிரேம் வரை எடுத்து, டைம்லைனில் இந்த இடத்தில் வை என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கிறது. கிட்டத்தட்ட தபால் முகவரி. ஒரே தெருவில் ஒரே கதவு எண்ணோடு இரண்டு வீடுகள் இருந்தால் கடிதம் எந்த வீட்டுக்கும் போகலாம்.

டீக்கடை ஷாட் வந்தது அதனால்தான். அந்த கேமராவில் கார்டை ஃபார்மட் செய்தால் பெயர் மறுபடி சி0001 என்று தொடங்கக்கூடும். முதல் நாள் சி0014 ஒன்று, மூன்றாம் நாள் சி0014 ஒன்று. டைம்கோடும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா இடும் நேர எண்) ஒவ்வொரு கார்டிலும் சுழியத்திலிருந்து தொடங்கியிருந்தால், இரண்டையும் பிரித்தறிய மென்பொருளுக்கு வழியே இல்லை. உங்கள் கணினியில் பிரீமியர் முழு ஃபோல்டர் பாதையையும் நினைவில் வைத்திருந்தது. நண்பரின் கணினியில் பாதை வேறு. ரிசால்வ் பெயரை வைத்துத் தேடியது, முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டது.

உடனடியாகச் செய்யக்கூடியது இது. நண்பர் விண்டோஸ் வைத்திருந்தால், அந்த ஹார்ட் டிஸ்குக்கு உங்கள் கணினியில் இருந்த அதே டிரைவ் எழுத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள். ஃபோல்டர் அமைப்பும் மாறாமல் இருந்தால் எக்ஸ்எம்எல்லில் உள்ள பாதை அப்படியே பொருந்தும், தேட வேண்டிய தேவையே வராது. அப்படியும் ஒன்றிரண்டு தப்பினால், மீடியா பூலில் (ரிசால்வில் கிளிப்கள் இருக்கும் இடம்) சரியான கிளிப்பைத் தேர்ந்துகொண்டு, டைம்லைன் கிளிப்பில் வலது கிளிக் செய்து 'கன்ஃபார்ம் லாக் வித் மீடியா பூல் கிளிப்' கொடுத்துக் கையால் மாற்றலாம்.

போன் கிளிப் விஷயம் பெரியது, இரவு எழுதுகிறேன்.

வெட்டுமேசை எழுதியது:

24 நிமிடப் படத்துக்கு இவ்வளவு பாடு தேவையா? டைட்டிலை எல்லாம் அணைத்துவிட்டு, முழுப் படத்தையும் புரோரெஸ் 422 எச்கியூவில் (எடிட்டிங்குக்கான உயர்தர வீடியோ வடிவம்) ஒரே ஃபைலாக எடுங்கள். 1080, 25 ஃபிரேமில் விநாடிக்குச் சுமார் 184 மெகாபிட். 24 நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 ஜிபி, ஒரு பென் டிரைவில் அடங்கும். ரிசால்வில் 'சீன் கட் டிடெக்‌ஷன்' ஓட்டினால் வெட்டுகளை அதுவே கண்டுபிடித்துப் பிரித்துத் தரும். ஷாட் மாறுவது, விலகுவது எதற்கும் இடமில்லை. நான் குறும்படங்களுக்கு இப்படித்தான் கொடுக்கிறேன்.

நிறமேசை எழுதியது:

வெட்டுமேசை சொல்வது நடக்கிற வழிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் இழப்பது என்ன என்று தெரிந்து செய்ய வேண்டும். டிசால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்ததாக மாறுவது) இருக்கும் இடத்தில் இரண்டு ஷாட்களும் ஏற்கெனவே கலந்துவிட்டன. ஒன்றுக்கு மட்டும் நிறம் மாற்ற முடியாது, கீஃபிரேம் போட்டு ஒப்பேற்ற வேண்டும். 4கேயில் எடுத்ததை 1080 ஆக்கி அனுப்பினால், ஷாட்டைக் கொஞ்சம் நகர்த்திச் சட்டகம் சரிசெய்யும் வசதி போய்விடும். கலர் முடிந்தபின் இயக்குநர் ஒரு ஷாட்டை அரை விநாடி நீட்டச் சொன்னால் கையில் எதுவும் இருக்காது.

அப்படி ஒரே ஃபைலாகத்தான் கொடுப்பதென்றால், சீன் கட் டிடெக்‌ஷனை நம்புவதைவிட கூடவே ஒரு ஈடிஎல் (வெட்டுகளின் பட்டியல்) கொடுங்கள். ரிசால்வில் 'பிரீ-கன்ஃபார்ம்டு ஈடிஎல்' என்று இறக்கினால் வெட்டு சரியான ஃபிரேமில் விழும். டிடெக்‌ஷன் கேமரா ஃபிளாஷையும் வேகமான பேன் ஷாட்டையும் வெட்டு என்று எடுத்துக்கொள்ளும், ஒரே மாதிரியான இரண்டு ஷாட்களுக்கு நடுவே உள்ள வெட்டை விட்டுவிடும்.

ஆவணப்படத்தில் ஒரே பேட்டிக்குள் நிறைய ஜம்ப் கட் (ஒரே கோணத்தில் நடுவே வெட்டித் தாவுவது) இருக்கும். அங்கேதான் டிடெக்‌ஷன் அதிகம் தடுமாறுகிறது.

வெட்டுமேசை எழுதியது:

ஈடிஎல் சேர்த்துக் கொடுப்பது நல்ல யோசனை. ஆனால் அதில் ஒரு வீடியோ டிராக்தான் போகும் என்பதைக் கரிசல்காட்டான் கவனிக்க வேண்டும். டேப் காலத்து சிஎம்எக்ஸ் 3600 வடிவம் அது, 999 வெட்டுகள்தான் உச்சவரம்பு. ஏற்றுமதிக்கு முன் எல்லா ஷாட்களையும் வி1க்கு இறக்கிவிடுங்கள்.

நிறமேசை எழுதியது:

சொன்னபடி போன் கிளிப் பற்றி.

கேமரா 25 என்றால் ஒவ்வொரு விநாடியும் சரியாக 25 ஃபிரேம் எழுதும். போன் அப்படி எழுதுவதில்லை. 30 என்று காட்டினாலும் வெளிச்சம் குறையும்போதும், செயலிக்கு வேலை கூடும்போதும் ஃபிரேம்களுக்கு நடுவே உள்ள இடைவெளி மாறும். இதுதான் வேரியபிள் ஃபிரேம் ரேட். ஒவ்வொரு எடிட்டிங் மென்பொருளும் இந்தச் சீரற்ற ஃபைலைத் தன் கணக்கில் சீராக்கிக்கொள்கிறது. பிரீமியர் 412ஆவது ஃபிரேம் என்று குறித்ததை ரிசால்வ் எண்ணிப் போனால் சற்று முன்னோ பின்னோ நிற்கிறது. கிளிப் நீளமாக இருந்தால் விலகலும் கூடுகிறது. தொடக்கத்தில் ஒட்டி, போகப் போக விலகுகிறது என்றீர்களே, அதற்குக் காரணம் இதுதான்.

உறுதிசெய்ய 'மீடியாஇன்ஃபோ' என்ற இலவசக் கருவியில் கிளிப்பைப் போட்டுப் பாருங்கள். 'ஃபிரேம் ரேட் மோட்' என்ற இடத்தில் 'வேரியபிள்' என்று இருந்தால் அதை மாற்றியே ஆக வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற மாற்றும் கருவியில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்', 25 என்று வைத்து மாற்றலாம். ஆனால் அது பெரும்பாலும் மறுபடி எச்.264, எச்.265 போன்ற சுருக்கிய வடிவங்களில்தான் தரும். ஷட்டர் என்கோடர் பரவாயில்லை, இலவசம், புரோரெஸ் அல்லது அதுபோன்ற டிஎன்எக்ஸ்எச்ஆர் ஆகவே எடுக்கலாம். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம் (சுருக்காத ஒலி) ஆக வையுங்கள். போன் கிளிப் சிலவற்றிலும், ஆட்கள் அனுப்பும் பாட்டுகளிலும் 44.1 இருக்கும்.

பிறகு பிரீமியரில் பழைய கிளிப்புக்குப் பதில் புதியதை 'ரிப்ளேஸ் ஃபூட்டேஜ்' செய்யுங்கள். வெட்டுகள் அங்கேயே இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு போன் ஷாட்டையும் பேச்சோடு ஓட்டிப் பாருங்கள், ஒன்றிரண்டு ஃபிரேம் நகர்ந்திருக்கலாம். அதன் பிறகே புது எக்ஸ்எம்எல்.

வாட்ஸ்அப்பில் வந்தவற்றுக்கு ஒரு வேண்டுகோள். அனுப்பியவர் போனில் மூலக் கிளிப் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் ஃபைல் சுருங்காமல் வரும். கண்மாயில் முதல் முறை தண்ணீர் வரும் காட்சி மாதிரி ஏதாவது அதில் இருந்தால், நேரில் போய் வாங்கி வந்தாலும் தகும்.

கரிசல்காட்டான் எழுதியது:

அண்ணே, மிக்க நன்றி. நீங்கள் சொன்னது மாதிரியே தண்ணீர் வரும் காட்சி போன் கிளிப்தான்! எடுத்த அக்காவிடம் மூலம் இருக்கிறது, வாங்கிவிடுகிறேன்.

ட்ரோன் 30 ஃபிரேமையும் 25 ஆக மாற்றிவிடலாமா? பிரீமியரில் அதை 'இன்டர்பிரெட் ஃபூட்டேஜ்' செய்து 25 ஆக வைத்திருக்கிறேன், மெதுவாக மிதப்பது போல வருகிறது.

நிறமேசை எழுதியது:

30இல் எடுத்ததை 25இல் ஓட்டினால் 83 விழுக்காடு வேகம். வானத்திலிருந்து எடுத்த ஷாட்டுக்கு அது அழகு, மாற்ற வேண்டாம். ஆனால் இன்டர்பிரெட் செய்த கிளிப்பில் இன், அவுட் எண்கள் எந்த ஃபிரேம் ரேட் கணக்கில் எழுதப்படுகின்றன என்பதில்தான் இரண்டு மென்பொருளும் முரண்படும். இரண்டு வழி இருக்கிறது. ரிசால்வின் மீடியா பூலிலும் 'கிளிப் ஆட்ரிபியூட்ஸ்' போய் அதே கிளிப்களை 25 என்று வைத்துவிட்டுப் பொருத்திப் பார்ப்பது ஒன்று. பயன்படுத்திய ட்ரோன் ஷாட்களை மட்டும் 25 ஆகவே புரோரெஸில் எழுதி, கட்டில் மாற்றி வைப்பது இன்னொன்று. ஷாட்கள் கொஞ்சம்தான் என்றால் இரண்டாவதைச் செய்யுங்கள், பிறகு அந்தச் சந்தேகமே எழாது.

ஸ்பீடு ராம்ப் (வேகம் கூடிக் குறைவது), வார்ப் ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் குறைப்பது), நெஸ்ட் செய்த (ஒன்றுக்குள் ஒன்று வைத்த) சீக்வென்ஸ் எதையும் எக்ஸ்எம்எல்லை நம்பி அனுப்பாதீர்கள். மல்ட்டிகேமராவை 'ஃபிளாட்டன்' செய்துவிடுங்கள். மற்றவற்றை அந்த ஷாட் அளவுக்கு ரெண்டர் செய்து, ரெண்டர் ஆன கிளிப்பையே டைம்லைனில் வையுங்கள். இதையெல்லாம் லாக் ஆன சீக்வென்ஸின் நகலில்தான் செய்ய வேண்டும், மூலத்தைத் தொடக் கூடாது.

யாழ்க்கேமரா எழுதியது:

வணக்கம் அண்ணா. நாங்கள் கல்யாண வீடியோ செய்கிறோம், எங்கள் ஸ்டுடியோவில் எடிட்டிங் எடியஸில்தான். ஓரம் வெட்டுப்படுகிற விஷயத்தை ஒருவரும் சொல்லவில்லை, அதை நானும் கேட்க வேண்டும். எடியஸில் இருந்து ரிசால்வுக்கு ஏஏஎஃப் (எக்ஸ்எம்எல் போன்ற இன்னொரு பரிமாற்ற வடிவம்) போட்டாலும் சில ஷாட் பெரிதாகத்தான் வருகிறது.

வெட்டுமேசை எழுதியது:

பிரீமியர் பக்கத்தை நான் சொல்கிறேன். 4கே கிளிப்பை 1080 டைம்லைனில் போட்டதும் இரண்டு கட்டளைகள் கிடைக்கும்: 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்', 'செட் டு ஃபிரேம் சைஸ்'. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். முதலாவது கிளிப்பை உள்ளுக்குள் சுருக்கிவிட்டு ஸ்கேல் 100 என்றே காட்டுகிறது. இரண்டாவது ஸ்கேல் மதிப்பில் 50 என்று எழுதுகிறது. எக்ஸ்எம்எல்லில் போவது அந்த மதிப்புதான். பாதி ஷாட்டில் ஒன்று, பாதியில் இன்னொன்று என்று கலந்திருந்தால் மறுபக்கத்தில் சில ஷாட்கள் சரியாகவும் சில பெரிதாகவும் வரும். எல்லாவற்றையும் 'செட்'டுக்கு மாற்றி, ரிசால்வில் இறக்கும்போது 'யூஸ் சைசிங் இன்ஃபர்மேஷன்' டிக் செய்யச் சொல்லுங்கள். ஒரு முறை டிக் செய்து, ஒரு முறை இல்லாமல் இறக்கிப் பார்த்தாலே எது பொருந்துகிறது என்று தெரிந்துவிடும்.

யாழ்க்கேமரா, உங்களுக்கும் அதுவேதான். ரிசால்வின் 'இமேஜ் ஸ்கேலிங்' அமைப்பில், அளவு பொருந்தாத கிளிப்பை என்ன செய்வது என்ற தேர்வையும் பாருங்கள். ஆல்பம் எஃபெக்ட், பூ விழுகிற எஃபெக்ட் எதுவும் ஏஏஎஃப்பில் வராது. அவற்றைத் தனி டிராக்கில் வைத்து, கலர் முடிந்து திரும்பி வந்தபிறகு மேலே போட்டுக்கொள்வதுதான் நல்லது.

பெங்குவின்பிரியன் எழுதியது:

நண்பர் லினக்ஸில் ரிசால்வ் வைத்திருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு, இழையைத் தேடி வருபவர்களுக்காக எழுதுகிறேன். இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264, எச்.265 ஃபைல்களைத் திறக்காது. ஏஏசி ஒலி பெரும்பாலும் ஊமையாக வரும். டிஎன்எக்ஸ்எச்ஆர் படம், பிசிஎம் ஒலி, எம்ஓவி உறை என்று எஃப்எஃப்எம்பெக் கருவியில் மாற்றிவிட்டால் எந்தத் தடையும் இல்லை.

வெட்டும் வேலையை நான் கேடிஎன்லைவில் செய்கிறேன். அதன் புராஜெக்ட் ஃபைலே வெறும் எக்ஸ்எம்எல் உரை. ஹார்ட் டிஸ்க் பாதை மாறினால் டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து, பழைய பாதையைத் தேடிப் புதியதை இட்டால் முடிந்தது. பிக்சார் தொடங்கிவைத்த ஓப்பன்டைம்லைன்ஐஓ என்ற டைம்லைன் பரிமாற்ற வடிவத்தையும் கேடிஎன்லைவ், ரிசால்வ் இரண்டும் கையாள்கின்றன. வெட்டுகள் நன்றாகவே போகின்றன, எஃபெக்ட்கள் போவதில்லை. ஒரு நிறுவனத்தின் கையில் இல்லாத வடிவம் என்பதால் இது வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மேக்மணி எழுதியது:

இங்கேயே ஒரு கேள்வி. நான் ஃபைனல் கட் புரோவில் வெட்டுகிறேன். பிரீமியரில் 'ஃபைனல் கட் புரோ எக்ஸ்எம்எல்' என்று இருக்கிறதே, என் எக்ஸ்எம்எல்லை அது ஏன் ஏற்க மாட்டேன் என்கிறது?

வெட்டுமேசை எழுதியது:

அந்தப் பெயர் பழைய ஃபைனல் கட் 7 காலத்தது. 2011இல் ஆப்பிள் ஃபைனல் கட்டை அடியோடு புதிதாக எழுதியபோது வடிவமும் மாறிவிட்டது. இப்போது வருவது எஃப்சிபிஎக்ஸ்எம்எல், பிரீமியர் படிப்பது பழைய வடிவம். ரிசால்வுக்கு இரண்டும் தெரியும். உங்கள் ஃபைலை ரிசால்வில் திறந்து, அங்கிருந்து பழைய வடிவத்தில் எடுத்துப் பிரீமியருக்குக் கொடுங்கள். இலவசப் பதிப்பே போதும்.

கரிசல்காட்டான் எழுதியது:

டிரைவ் எழுத்தை மாற்றியதும் டீக்கடை போய், ஆட்கள் கண்மாயில் இறங்கிவிட்டார்கள்! போன் கிளிப்கள் எல்லாம் மாற்றிப் புது எக்ஸ்எம்எல் அனுப்பினேன், உதடு ஒட்டுகிறது. ஸ்கேலும் சரி.

டைட்டில் மட்டும் பாக்கி. பேசுபவர்களின் பெயர்ப் பட்டைகள், தொடக்கத்தில் வரும் தமிழ் வரிகள். ரிசால்வில் மறுபடி அடிக்க நண்பரிடம் அந்த எழுத்துரு இல்லை.

நிறமேசை எழுதியது:

டைட்டிலை அவரிடம் அனுப்பவே வேண்டாம். கலர் முடிந்த படம் உங்களிடம் திரும்பி வரும்போது, பிரீமியரில் உங்கள் டைட்டில் டிராக் அப்படியே மேலே இருக்கும். அவர் அங்கேயே முடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால், டைட்டிலை மட்டும் பின்னணி இல்லாமல் புரோரெஸ் 4444இல் ஆல்ஃபாவோடு எடுத்துக் கொடுங்கள். அதில் எழுத்துருப் பிரச்சினையே கிடையாது.

எழுத்துரு பாமினி போன்ற பழைய வகையா, யூனிகோடா? பழைய வகை என்றால், எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகள் குழம்பித் தெரியும். ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் சிதைந்து விழாத் திரையில் ஓடுவது பேசியவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. யூனிகோடில் அடித்து, பிரீமியரின் கிராஃபிக்ஸ் அமைப்பில் 'சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்' தேர்வை வையுங்கள். இல்லாவிட்டால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்கும். சப்டைட்டில் இருந்தால் எஸ்ஆர்டி, யுடிஎஃப்-8. அது எங்கே போனாலும் திறக்கும்.

இன்னொன்று, இதைத் தவிர்க்கவே கூடாது. லாக் ஆன கட்டை, டைம்கோடு மேலே தெரியும்படி ஒரு எம்பி4 ஆக எடுத்து நண்பருக்குக் கொடுங்கள். ரிசால்வில் அதை 'ஆஃப்லைன் ரெஃபரன்ஸ்' ஆக இணைத்து, டைம்லைனோடு பாதித் திரையில் ஒப்பிட்டு ஒவ்வொரு வெட்டையும் பார்க்க வேண்டும். சென்னையில் டிஐ (டிஜிட்டல் நிறத்திருத்த) கூடங்களில் கலரிஸ்ட் உட்காரும் முன் கன்ஃபார்ம் செய்பவர் (ஷாட்களைக் கட்டோடு பொருத்துபவர்) செய்யும் வேலை இதுதான். எக்ஸ்எம்எல் பிழையில்லாமல் இறங்கியது என்று திரையில் வருவதை மட்டும் நம்பிக் கலரைத் தொடங்க நான் யாரையும் விடமாட்டேன்.

ஒலிப்பெட்டி எழுதியது:

எல்லோரும் படத்தையே பேசுகிறீர்கள், ஒலி எங்கே போகிறது? மிக்ஸிங் வெளியே கொடுப்பதாக இருந்தால் எக்ஸ்எம்எல் வேண்டாம், ஏஏஎஃப் எடுங்கள். ஒலியை உள்ளேயே பொதித்து, இருபுறமும் சில விநாடி ஹேண்டில் (வெட்டுக்கு வெளியே உள்ள கூடுதல் பகுதி) வைத்து, 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட். ஓஎம்எஃப் அதே வேலைக்கான பழைய வடிவம், 2 ஜிபிக்கு மேல் போகாது. வாங்குபவர் ரீப்பர் என்ற ஒலி மென்பொருள் வைத்திருந்தால் அது ஏஏஎஃப்பை நேரடியாகத் திறக்காது, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

படம் 01:00:00:00இல் தொடங்கினால் 00:59:58:00இல் ஒரே ஃபிரேம் நீளத்துக்கு ஒரு பீப் வையுங்கள். கலரிலிருந்து வரும் படத்திலும் மிக்ஸிலிருந்து வரும் ஒலியிலும் அந்த பீப் ஒரே ஃபிரேமில் விழுகிறதா என்று பார்த்தால், தொடக்கம் ஒட்டியிருக்கிறதா என்று முதல் நொடியிலேயே தெரிந்துவிடும். போகப் போக விலகுகிறதா என்பதைக் கடைசி வரை ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

கரிசல்காட்டான் எழுதியது:

பீப் வைத்துவிட்டேன், ரெஃபரன்ஸும் அனுப்பியாயிற்று. கலர் முடிந்தபின் அவர் எனக்கு ஒரே ஃபைலாகத் தர வேண்டுமா, தனித்தனி கிளிப்களாகவா?

அப்புறம், அடுத்த படத்துக்கு இதெல்லாம் வராமல் இருக்க எடுக்கும்போதே என்ன செய்யலாம்?

நிறமேசை எழுதியது:

தனித்தனியாகக் கேளுங்கள். ரிசால்வின் டெலிவர் பக்கத்தில் பிரீமியருக்கென்றே எக்ஸ்எம்எல் முன்னமைப்பு இருக்கிறது. இருபுறமும் 12 முதல் 24 ஃபிரேம் ஹேண்டில் வைத்துத் தரச் சொல்லுங்கள். விழாக்காரர்கள் நீளத்தைக் குறைக்கச் சொன்னாலோ ஒரு டிசால்வ் சேர்க்க நினைத்தாலோ மறுபடி அவரிடம் ஓட வேண்டியதில்லை. கூடவே முழுப் படம் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஒப்பிடப் பயன்படும்.

அடுத்த படத்துக்கு, கேமராவில் டைம்கோடை 'ஃப்ரீ ரன்' (பதிவு நின்றாலும் ஓடிக்கொண்டிருப்பது) ஆக்கி அன்றைய கடிகார நேரத்தை வையுங்கள். கார்டை அதன் ஃபோல்டர்களோடு முழுதாக ஒரு டிஸ்கில் நகலெடுத்துத் தொடாமல் வைத்துவிடுங்கள். வேலைக்கான இன்னொரு நகலில், பிரீமியரைத் திறப்பதற்கு முன்பே ஒவ்வொரு கிளிப் பெயருக்கு முன்னும் தேதி, கேமரா எழுத்து, கார்டு எண் சேருங்கள். வெட்டத் தொடங்கியபின் பெயர் மாற்றினால் எல்லாம் ஆஃப்லைன் ஆகும். போன் கிளிப் வந்த அன்றே மாற்றி, மாற்றியதை மட்டும் புராஜெக்ட்டுக்குள் விடுங்கள்.

எல்லாவற்றையும் புரோரெஸ் ஆக்க வேண்டியதில்லை. 4கே 25இல் புரோரெஸ் 422 ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 220 ஜிபி தின்னும். ஆவணப்படத்தில் எடுப்பது எவ்வளவு, பயன்படுவது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கேமரா கிளிப்களுக்குப் புராக்சி (வெட்டுவதற்கான சிறிய நகல்) வைத்து வெட்டுங்கள். லாக் ஆனபின் பிரீமியரின் 'புராஜெக்ட் மேனேஜரில்' பயன்படுத்திய பகுதிகளை மட்டும் ஹேண்டிலோடு மாற்றி எழுதலாம். அங்கே 'கிளிப் பெயரோடு பொருந்தும்படி ஃபைல் பெயரை மாற்று' என்ற டிக் இருக்கிறது, அதையும் போடுங்கள்.

படம் முடிந்ததும் இங்கே சொல்லுங்கள் தம்பி. தண்ணீர் வரும் அந்த போன் ஷாட் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசை.